பிரிட்ஜ் ‘பிளாக்’ என்கிறது, சிப் கடத்துகிறது: வி-லேன் ஸ்பானிங் ட்ரீ ஆஃப்லோட் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ் பிரிட்ஜில் (பல போர்ட்டுகளை இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) வி-லேன் (ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனி வலையமைப்பு) வாரியாக ஸ்பானிங் ட்ரீ (வளையம், அதாவது லூப் உண்டாகாமல் உபரிப் பாதைகளை அடைத்து வைக்கும் முறை) அமைத்து, அதைச் சுவிட்ச் சிப்பில் இறக்கும்போது (ஆஃப்லோட்) திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே தருகிறோம். கர்னல் 5.18 அல்லது அதற்குப் பிந்தையது, டிஎஸ்ஏ (சுவிட்ச் சிப்பின் போர்ட்டுகளைத் தனித்தனி இடைமுகங்களாகக் காட்டும் கர்னல் கட்டமைப்பு) டிரைவரில் இயங்கும் மார்வெல் 88இ6எக்ஸ்எக்ஸ்எக்ஸ் குடும்பச் சிப், ட்ரீயைக் கணக்கிட எம்எஸ்டிபிடி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) என்ற அமைப்பை மனத்தில் வைத்து எழுதியது. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளோம். தட்டும்போது சிறிய ஆங்கில எழுத்தில், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோட்டோடு, ‘வி-லேன்’ என்பதை நடுக்கோடு இல்லாமல் தட்டவும். ‘ஈத்டூல் -எஸ்’ என்பதில் உள்ள எஸ் மட்டும் பெரிய எழுத்து.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு போர்ட்டின் நிலை மூன்று இடங்களில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது: டீமனில், கர்னல் பிரிட்ஜில், சிப்பில். மூன்றும் ஒத்துப்போனால்தான் அமைப்பு சரி. முதல் இரண்டை மட்டும் பார்த்து ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வதால்தான் பெரும்பாலான நேரம் வீணாகிறது.

பிராட்காஸ்ட் புயல் (வளையத்தில் ஃபிரேம்கள் முடிவின்றிச் சுற்றுவது) ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தால் முதலில் வளையத்தின் ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். கட்டளைகள் அதன் பிறகு.

## அறிகுறி 1: திரையில் பிளாக்கிங், ஆனாலும் வி-லேனில் லூப்

இதுதான் மிகவும் ஆபத்தானது. எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒன்றாகத் துடிக்கும், மேக் முகவரிகள் இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே தாவும், ஆனால் காட்சிக் கட்டளை எதைக் கேட்டாலும் ‘பிளாக்கிங்’ என்றே சொல்லும்.

விளக்கை நம்ப வேண்டாம். மாற்றுப் பாதையாக நிற்கும் போர்ட்டை நம் பக்கம்தான் அடைத்திருக்கிறோம். எதிர்ச் சுவிட்ச் தன் பக்கத்திலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கும், சிப் அதை வாங்கிக் கீழே போடும். ஆகவே பிளாக் ஆன போர்ட்டில் உள்வரும் எண்ணிக்கை ஏறுவது இயல்பு. வெளியேறும் எண்ணிக்கை ஏறினால்தான் கோளாறு. ‘ஈத்டூல் -எஸ்’ கட்டளையில் ‘அவுட்_பிராட்காஸ்ட்ஸ்’ வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வி-லேனில் உள்ள ஒரு மடிக்கணினியிலிருந்து ‘ஆர்பிங்’ கொண்டு, யாரும் பயன்படுத்தாத ஓர் ஐபி முகவரிக்கு 100 கோரிக்கை அனுப்பிவிட்டு மறுபடி பாருங்கள். ட்ரங்க்கில் வேறு வி-லேன்களும் ஓடினால் எண்ணிக்கை கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதனால் நெரிசல் இல்லாத நேரத்தில் செய்வது நல்லது. ஏற்றம் நூறை ஒட்டி வந்தால் சிப் கடத்துகிறது என்பது உறுதி.

உறுதியானதும் இந்த வரிசையில் போங்கள்.

வி-லேன் ஃபில்டரிங் அணைந்திருக்கிறதா? ‘ஐபி -டி லிங்க் ஷோ பிஆர்0’ காட்டும் வரிகளில் ‘வி-லேன்_ஃபில்டரிங் 1’ இருக்க வேண்டும். 0 என்றால் பிரிட்ஜ் வி-லேன் நிலைகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதி வைத்த பிளாக்கிங் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

எம்எஸ்டி முறையே (வி-லேன்களைக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் தனி ட்ரீ ஓட்டும் முறை) இயங்கவில்லையா? ‘பிரிட்ஜ் வி-லேன் செட்’ கட்டளையில் ‘ஸ்டேட்’ கொடுத்து ஒரு வி-லேனின் நிலையை நேரடியாக மாற்றும் வசதி எம்எஸ்டி வருவதற்கு முன்பே கர்னலில் இருந்தது. பழைய ஸ்கிரிப்ட்டுகள் இன்னும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த வழியில் எழுதும் நிலை சிப்புக்குப் போவதே இல்லை. சிபியு வழியாகப் போகும் ஃபிரேம்களை மட்டும் அது தடுக்கும். சிப்புக்குள்ளேயே போர்ட்டிலிருந்து போர்ட்டுக்குத் தாவுபவை சுதந்திரமாகச் சுற்றும். லூப் கோளாறுகளில் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். தீர்வு, அந்த வரிகளை ஸ்கிரிப்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, வி-லேன்களை எம்எஸ்டிஐகளில் (எம்எஸ்டியின் ஒவ்வொரு தனி ட்ரீயும் ஒரு எம்எஸ்டிஐ) சேர்த்து, ‘பிரிட்ஜ் எம்எஸ்டி செட்’ வழியாக நிலையை எழுதுவது. அந்த வழிதான் டிரைவர் வரை இறங்குகிறது.

டீமன் எம்எஸ்டிஐ நிலையைக் கர்னலுக்குச் சொல்கிறதா? எம்எஸ்டிபிடியின் பழைய தொகுப்புகள் எல்லா ட்ரீகளையும் சரியாகக் கணக்கிடும், ஆனால் பொது ட்ரீயின் (எம்எஸ்டிஐ 0) நிலையை மட்டுமே கர்னலில் எழுதும். ‘எம்எஸ்டிபிசிடிஎல் ஷோட்ரீபோர்ட் பிஆர்0 எஸ்டபிள்யுபி2 1’ என்று கேட்டு வரும் விடையையும், ‘பிரிட்ஜ் எம்எஸ்டி ஷோ’ அதே போர்ட்டுக்கு எம்எஸ்டிஐ 1-இல் காட்டுவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது ‘டிஸ்கார்டிங்’ (டீமனின் மொழியில் பிளாக்கிங்), இரண்டாவது ‘ஃபார்வர்டிங்’ என்றால் டீமனைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை கையால் ‘பிரிட்ஜ் எம்எஸ்டி செட் டெவ் எஸ்டபிள்யுபி2 எம்எஸ்டிஐ 1 ஸ்டேட் பிளாக்கிங்’ என்று எழுதி வளையத்தை நிறுத்தலாம். ஆனால் இணைப்பு ஒன்று அறுந்தால் அது தானாகத் திறக்காது என்பதை வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள். ‘பிரிட்ஜ் எம்எஸ்டி’ என்ற துணைக் கட்டளையே இல்லை என்று வந்தால் ஐப்ரூட்2 (‘ஐபி’, ‘பிரிட்ஜ்’ போன்ற கட்டளைகளின் தொகுப்பு) பழையது, முதலில் அதை மாற்றுங்கள்.

வி-லேன் தவறான ட்ரீயில் இருக்கிறதா? டீமனுக்கு ஒரு வி-லேன் அட்டவணை உண்டு, கர்னலுக்கு இன்னொன்று உண்டு. டீமனில் ‘செட்விட்2ஃபிட்’, ‘செட்ஃபிட்2எம்எஸ்டிட்’ என்று இரண்டு படியாக அமைகிறது. கர்னலில் ‘பிரிட்ஜ் வி-லேன் குளோபல் செட் டெவ் பிஆர்0 விட் 10 எம்எஸ்டிஐ 1’. டீமனில் வி-லேன் 10 ட்ரீ 1-இலும், கர்னலில் ட்ரீ 0-இலும் இருந்தால் எல்லா நிலைகளும் சரியாகக் காட்டும், பாதை மட்டும் தவறாக இருக்கும். ‘பிரிட்ஜ் வி-லேன் குளோபல் ஷோ’ வரிகளை டீமனின் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

சிப்பை நேரடியாகப் படித்தல். மேலே உள்ளவை எல்லாம் சரி என்றால் ‘டெவ்லிங்க் ரீஜன் ஷோ’ கொடுங்கள். ‘விடியூ’ (சிப்பின் வி-லேன் அட்டவணை), ‘எஸ்டியூ’ (சிப்பின் ஸ்பானிங் ட்ரீ நிலை அட்டவணை) என்ற இரண்டு பகுதிகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ‘ரீஜன் நியூ’ கொடுத்து ஸ்னாப்ஷாட் எடுத்து, ‘ரீஜன் டம்ப்’ கொடுத்தால் பதினாறெண் வரிகள் வரும். விடியூ வரியில் வி-லேன் எண்ணும் அதற்குரிய எஸ்ஐடி (எஸ்டியூ வரியின் அடையாளம்) எண்ணும் இருக்கும். அந்த எஸ்ஐடிக்கான எஸ்டியூ வரியில் போர்ட் ஒன்றுக்கு இரண்டு பிட் வீதம் நிலை இருக்கும். பிட்டுகள் வரியில் எங்கே அமர்கின்றன என்பது சிப் குடும்பத்தைப் பொறுத்தது.

படிக்கும்போது இரண்டு இடங்களில் எல்லோரும் தடுக்குகிறார்கள். ஒன்று, எண்கள் வேறு. கர்னலில் 0 முடக்கம், 1 லிசனிங், 2 லேர்னிங், 3 ஃபார்வர்டிங், 4 பிளாக்கிங். சிப்பில் 0 முடக்கம், 1 பிளாக்கிங்கும் லிசனிங்கும், 2 லேர்னிங், 3 ஃபார்வர்டிங். கர்னலின் 4-ஐச் சிப்பில் தேடினால் கிடைக்காது. இரண்டாவது, எஸ்டியூவில் 0 என்பதற்கு ‘மூடு’ என்று பொருள் இல்லை, ‘இந்தப் போர்ட்டின் பொது நிலை எதுவோ அதைப் பின்பற்று’ என்றுதான் பொருள். போர்ட்டின் பொது நிலை ஃபார்வர்டிங் என்றால் 0 என்பது திறந்த கதவு. அதனால்தான் டிரைவர் புதிய எஸ்ஐடி ஒன்றை உருவாக்கும்போது பயனர் போர்ட்டுகளுக்கு 1 எழுதுகிறது, சிபியு போர்ட்டுக்கு மட்டும் 0 விடுகிறது. சிபியு போர்ட்டில் 0 இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். எஸ்ஐடி 0 அல்லாத வரியில் பயனர் போர்ட்டில் 0 இருந்தால் பதறலாம்.

நிபுணர் எப்போது? பிரிட்ஜ் 4 என்கிறது, எஸ்டியூவில் (எஸ்ஐடி 0 அல்லாத வரியில்) அதே போர்ட் 3 அல்லது 0 என்று நிற்கிறது என்றால் கோளாறு டிரைவரில். அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. வளையத்தின் ஒரு கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பலகை தயாரித்தவரையோ கர்னல் டிரைவரில் கைவைக்கத் தெரிந்தவரையோ அழையுங்கள்.

## அறிகுறி 2: எம்எஸ்டி முறையை இயக்கவே விடவில்லை

பிழைச் செய்தியைப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

‘வி-லேன்கள் இருக்கும்போது எம்எஸ்டி முறையை மாற்ற முடியாது’ என்ற பொருளில் செய்தி. நீங்கள் வி-லேன் எதையும் சேர்க்காவிட்டாலும் இது வரும். போர்ட் பிரிட்ஜில் சேர்ந்தவுடன் இயல்பு வி-லேன் 1 அதன் மேல் ஏறிவிடுகிறது. ஆகவே வரிசை முக்கியம். பிரிட்ஜை உருவாக்கும்போதே ‘வி-லேன்_ஃபில்டரிங் 1’, ‘எம்எஸ்டி_எனேபிள்ட் 1’ இரண்டையும் கொடுங்கள். பிறகு எஸ்டிபி (ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை), பிறகு போர்ட்டுகள், பிறகு வி-லேன்கள், கடைசியாக எம்எஸ்டிஐ அட்டவணை. ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்ஜில் மாற்ற வேண்டுமென்றால் எல்லாப் போர்ட்டிலிருந்தும் வி-லேன்களைக் கழற்ற வேண்டும். அந்தப் பெட்டிக்குள் நீங்கள் நுழைந்திருப்பதும் அதே போர்ட் வழியாக என்றால் இணைப்பு போய்விடும், சீரியல் கன்சோலை மாட்டிக்கொண்டு செய்யுங்கள்.

‘வன்பொருள் எம்எஸ்டியை ஆதரிக்கவில்லை’ என்ற செய்தி. டிரைவரில் அந்த வசதி எழுதப்படவில்லை. எம்எஸ்டி இயங்கும் பிரிட்ஜில் அப்படிப்பட்ட போர்ட்டைச் சேர்க்க முயன்றாலும் இதே மறுப்பு வரும். முதலில் புதிய கர்னலில் அந்த டிரைவர் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லா வி-லேனுக்கும் ஒரே ட்ரீ ஓடும் ஆர்எஸ்டிபிக்கு இறங்குவதே நேர்மையான வழி. போர்ட் முழுவதற்குமான நிலையை டிஎஸ்ஏ டிரைவர்கள் பொதுவாகச் சிப்பில் இறக்கிவிடும். சுவிட்சை மாற்றுவது அதற்கும் அப்புறம்.

வி-லேனை எம்எஸ்டிஐயில் சேர்க்கும்போது மட்டும் பிழை. அந்த வி-லேன் எந்தப் போர்ட்டிலும் இன்னும் இல்லாமல் இருக்கலாம், முதலில் சேர்த்துவிட்டு முயலுங்கள். ‘இடம் இல்லை’ என்று வந்தால் சிப்பின் எஸ்டியூ நிரம்பிவிட்டது. வி-லேனுக்கு ஒரு எம்எஸ்டிஐ என்று போட்டவர்களுக்கே இது வரும். இரண்டு மேலிணைப்புகள் இருக்கும் கட்டமைப்பில் இரண்டு எம்எஸ்டிஐ போதும். பாதி வி-லேன் ஒன்றில், பாதி மற்றதில்.

‘வி-லேன் நிலையை மாற்ற முடியாது’ என்று இரண்டு விதமாக வரும். எம்எஸ்டி இயங்குவதால் முடியாது என்றால் ஸ்கிரிப்ட்டில் பழைய வரி ஒளிந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள். கர்னல் எஸ்டிபி இயங்குவதால் முடியாது என்றால் டீமன் பொறுப்பேற்கவே இல்லை. அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

## அறிகுறி 3: டீமன் ஓடுகிறது, பிரிட்ஜ் அதைக் கண்டுகொள்ளவில்லை

‘ஐபி -டி லிங்க் ஷோ பிஆர்0’ வரிகளில் ‘எஸ்டிபி_ஸ்டேட்’ என்ன என்று பாருங்கள். 2 என்றால் டீமன் கையில், 1 என்றால் கர்னல் கையில். கர்னலுக்குத் தெரிந்தது பழைய 802.1டி மட்டுமே. வி-லேன் அறியாத ஒரே ட்ரீ, லிசனிங் 15 வினாடி, லேர்னிங் 15 வினாடி.

1 என்று இருந்தால், எஸ்டிபியை இயக்கிய நொடியில் கர்னல் எஸ்பின் கோப்பகத்தில் உள்ள ‘பிரிட்ஜ்-எஸ்டிபி’ ஸ்கிரிப்ட்டைக் கூப்பிட்டு, வெற்றி என்ற விடை கிடைக்காமல் தானே பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் இருக்கிறதா, இயக்க அனுமதி இருக்கிறதா, அந்தப் பிரிட்ஜின் பெயரை ஏற்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பூட் ஆகும்போது டீமன் எழுவதற்கு முன்பே நெட்வொர்க் மேலாளர் பிரிட்ஜை எழுப்பிவிட்டாலும் இதே கதிதான். நெட்வொர்க்மேனேஜரில் பிரிட்ஜுக்கு எஸ்டிபி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிரிட்ஜ் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் இருந்தால் கர்னல் அந்த ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடாது. பிரிட்ஜை மூல நேம்ஸ்பேஸிலேயே உருவாக்குங்கள்.

சரிசெய்த பின் எஸ்டிபியை 0 ஆக்கி மறுபடி 1 கொடுக்க வேண்டும். 0 ஆன நேரத்தில் எல்லாப் போர்ட்டும் ஃபார்வர்டிங்குக்குப் போகும். வளையக் கேபிளைக் கழற்றாமல் இதைச் செய்யவே கூடாது.

## அறிகுறி 4: எம்எஸ்டிஐயில் சேர்த்தவுடன் வி-லேன் செத்துவிட்டது

இது கோளாறு அல்ல, வடிவமைப்பு. புதிய எம்எஸ்டிஐயில் ஒரு வி-லேன் நுழையும்போது, அந்தப் போர்ட்டில் அதே எம்எஸ்டிஐக்கு ஏற்கெனவே ஒரு நிலை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் எல்லாப் போர்ட்டும் முடக்கத்தில்தான் தொடங்கும், யாராவது நிலை எழுதும்வரை அப்படியே கிடக்கும். டீமனில் ‘கிரியேட்ட்ரீ’ கொடுத்து அந்த ட்ரீயை உருவாக்கினீர்களா என்று பாருங்கள். கையால் நடத்துகிறீர்கள் என்றால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நிலையை எழுதுங்கள். மேலாண்மை வி-லேனை எப்போதும் எம்எஸ்டிஐ 0-இலேயே விட்டுவைப்பது எங்கள் பழக்கம். மற்றவை செத்தாலும் உள்ளே நுழைய ஒரு வழி இருக்கும்.

## அறிகுறி 5: லூப் இல்லை, ஆனால் சிபியு மூச்சுத் திணறுகிறது

போர்ட் 1-லிருந்து போர்ட் 2-க்கு ஒரு பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டே, சிபியுவையும் சிப்பையும் இணைக்கும் இடைமுகத்தில் ‘டிசிபிடம்ப்’ ஓட்டுங்கள். ஆஃப்லோட் சரியென்றால் அந்தக் கோப்பின் ஃபிரேம்கள் அங்கே தெரியவே கூடாது. தெரிந்தால் எல்லாம் மென்பொருளில் ஓடுகிறது.

பழைய பாணிக் கட்டமைப்புகளில் காரணம் வெளிப்படையாகவே இருக்கும். எஸ்டபிள்யுபி1.10, எஸ்டபிள்யுபி2.10 என்று துணை இடைமுகங்களை உண்டாக்கி, வி-லேனுக்கு ஒரு பிரிட்ஜ் வைத்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எஸ்டிபி ஓடும். அதைச் சிப்பில் இறக்க முடியாது. ஒரே பிரிட்ஜ், வி-லேன் ஃபில்டரிங், எம்எஸ்டிஐ என்று மாற்றி எழுதுவதுதான் வழி, ஒட்டுப்போட்டுச் சமாளிக்க இடமில்லை.

புதிய பாணியாக இருந்தும் இப்படி என்றால், போர்ட்டைப் பிரிட்ஜில் சேர்த்தபோது ‘ஆஃப்லோடிங் நாட் சப்போர்ட்டட்’ என்ற எச்சரிக்கை வந்ததா பாருங்கள். எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு டிஎஸ்ஏ மென்பொருள் வழிக்குப் போய்விடும், கட்டளை வெற்றி என்றே முடியும். பூட் ஸ்கிரிப்ட்டில் இது யார் கண்ணிலும் படாது. ஒரு போர்ட்டைக் கழற்றிக் கையால் மறுபடி சேர்த்தால் தெரிந்துவிடும்.

## அறிகுறி 6: நிலை மாறிக்கொண்டே இருக்கிறது

எம்எஸ்டிபியில் ஹலோ (‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும் இடைவெளி) 2 வினாடி. மூன்று ஹலோ, அதாவது 6 வினாடி எதுவும் வரவில்லை என்றால் அண்டைச் சுவிட்ச் போய்விட்டது என்று போர்ட் முடிவு செய்யும். ஆகவே கேள்வி ஒன்றே, பிபிடியூ (ட்ரீக்காகச் சுவிட்சுகள் பரிமாறும் செய்தி) எங்கே தொலைகிறது?

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ‘ஈத்டூல் -எஸ்’ வரிகளில் ‘இன்_எஃப்சிஎஸ்_எரர்’ ஏறினால் கேபிளை மாற்றுங்கள். ஃபைபர் என்றால் இரு திசையும் உயிரோடு இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். ஒரு இழை மட்டும் செத்த இணைப்பு ஸ்பானிங் ட்ரீக்கு மிக மோசமான எதிரி. இரண்டும் சரியென்றால் அந்தப் போர்ட்டில் ‘டிசிபிடம்ப்’ வைத்து 01:80:சி2:00:00:00 முகவரிக்கு வரும் ஃபிரேம்களைப் பாருங்கள். இரண்டு வினாடிக்கு ஒன்று ஒழுங்காக வருகிறது, ஆனாலும் டீமன் காலாவதி என்கிறது என்றால் டீமனுக்கு நேரம் கிடைக்கவில்லை. ‘சிஹெச்ஆர்டி’ கொண்டு அதற்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுங்கள். ஃபிரேமே வரவில்லை, எதிர்ச் சுவிட்ச் அனுப்புவதாகச் சொல்கிறது என்றால் சிபியு போர்ட்டில் நெரிசல் இருக்கிறதா பாருங்கள். அங்கே வெள்ளமாக வரும் பிராட்காஸ்ட்டில் பிபிடியூ அடிபட்டுப் போகலாம்.

## அறிகுறி 7: மாற்றுப் பாதை திறந்தது, சில கணினிகள் மட்டும் ஐந்து நிமிடம் எட்டவில்லை

ஐந்து நிமிடம் என்பதே துப்பு. மேக் அட்டவணையின் இயல்பு ஆயுள் 300 வினாடி. ஃபார்வர்டிங்கிலிருந்து பிளாக்கிங்குக்குப் போன போர்ட்டின் பதிவுகளை டிஎஸ்ஏ சிப்பிலிருந்து துடைத்துவிடும். நிலை மாறாத இன்னொரு போர்ட்டின் மேல் சிப் தானாகக் கற்ற பழைய பதிவு, டீமன் பிரிட்ஜில் செய்யும் துடைப்புக்குப் பிறகும் சிப்பில் தங்கிவிடலாம். ‘பிரிட்ஜ் எஃப்டிபி ஷோ’ வரிகளில் அந்தக் கணினியின் மேக் முகவரியைத் தேடுங்கள். ‘செல்ஃப்’ என்று முடியும் வரிதான் சிப்பின் அட்டவணை. அது பழைய போர்ட்டைக் காட்டினால் சந்தேகம் உறுதி.

உடனடி நிவாரணம் அந்தப் போர்ட்டை ஒருமுறை இறக்கி ஏற்றுவது. நிரந்தரமாக ‘ஏஜிங்_டைம்’ மதிப்பைக் குறையுங்கள், இது சிப்புக்கும் இறங்கும். நூறில் ஒரு வினாடி அலகு என்பதால் 30000 என்பது 300 வினாடி, 6000 என்பது ஒரு நிமிடம். மிகவும் குறைத்தால் பேசாமல் இருக்கும் கணினிகளுக்கான டிராஃபிக் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும்.

## அறிகுறி 8: வேறு நிறுவனச் சுவிட்சோடு சேர்ந்தால் எம்எஸ்டிஐ வேலை செய்யவில்லை

போர்ட் எல்லை போர்ட்டாகக் காட்டினால் இரண்டும் வெவ்வேறு ரீஜனில் (ஒரே எம்எஸ்டி அமைப்பைப் பகிரும் சுவிட்சுகளின் குழு) இருக்கின்றன. ரீஜன் பெயர், ரிவிஷன் எண், 4094 வி-லேனுக்குமான அட்டவணை மூன்றும் ஒரு எழுத்து பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தாத வி-லேன் அங்கே வேறு எம்எஸ்டிஐயில் இருந்தாலும் டைஜஸ்ட் (அட்டவணையின் சுருக்கக் குறி) மாறிவிடும். எம்எஸ்டிபிடியில் பெயர் கொடுக்காமல் விட்டால் அந்தப் பெட்டியின் மேக் முகவரியே பெயராக நிற்கும் என்பதால், எதையும் அமைக்காத இரண்டு பெட்டிகள் ஒருபோதும் சேராது. ‘எம்எஸ்டிபிசிடிஎல் ஷோஎம்எஸ்டிகான்ஃபிட்’ தரும் டைஜஸ்ட்டையும் எதிர்ச் சுவிட்ச் தருவதையும் ஒப்பிடுங்கள். சிஸ்கோவில் ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ எம்எஸ்டி கான்ஃபிகரேஷன் டைஜஸ்ட்’.

எதிரில் இருப்பது பிவிஎஸ்டி+ (வி-லேனுக்கு ஒரு ட்ரீ ஓட்டும் சிஸ்கோ முறை) ஓடும் சிஸ்கோ என்றால் கதை வேறு. அது வி-லேன் வாரியாக 01:00:0சி:சிசி:சிசி:சிடி முகவரிக்கு அனுப்பும் பிபிடியூக்களை லினக்ஸ் பிரிட்ஜ் சாதாரண மல்டிகாஸ்ட்டாகவே கருதி மறுபக்கம் தள்ளிவிடும். இரண்டு சிஸ்கோ சுவிட்சுகள் உங்கள் பெட்டியின் வழியாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், வி-லேன் 1 தவிர மற்றவற்றில், நடுவில் இருக்கும் உங்கள் ட்ரீ அவற்றுக்குத் தெரியாது. சிஸ்கோ பக்கத்தை எம்எஸ்டி முறைக்கு மாற்றுவதுதான் நிலையான தீர்வு. அது இயங்கிக்கொண்டிருக்கும் அலுவலகத்தின் மையச் சுவிட்ச் என்றால் அதைப் பராமரிப்பவரை அழைத்து, வேலை நேரத்துக்கு வெளியே, இரு பக்கமும் ஆள் வைத்துச் செய்யுங்கள்.

## நிபுணரிடம் என்னென்ன கொடுப்பது

கர்னல் பதிப்பும் ஐப்ரூட்2 பதிப்பும். ‘டெவ்லிங்க் டெவ் இன்ஃபோ’ விடை. கோளாறு இருக்கும் நேரத்திலேயே, ஒரே நிமிடத்துக்குள் எடுத்த நான்கு: டீமனின் ட்ரீ காட்சி, ‘பிரிட்ஜ் எம்எஸ்டி ஷோ’, ‘பிரிட்ஜ் வி-லேன் குளோபல் ஷோ’, விடியூ எஸ்டியூ டம்ப். வெவ்வேறு நேரத்தில் எடுத்தவை ஒன்றோடொன்று முரண்பட்டால் யாராலும் எதையும் சொல்ல முடியாது. சிக்கலான போர்ட்டில் ஒரு நிமிடம் பிடித்த பிபிடியூ கோப்பு. எந்தப் போர்ட் எந்தச் சுவிட்சின் எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்று கையால் வரைந்த படம். படத்தை நினைவிலிருந்து வரையாமல், கேபிளைத் தொட்டுப் பார்த்து வரையுங்கள்.